யூ.பி.எஸ். நியூட்ரலை எர்த்தோடு எங்கே இணைப்பது? நான்கு வழிகளின் ஒப்பீடு

யூ.பி.எஸ். வாங்கும்போது எத்தனை கே.வி.ஏ., பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று எல்லாரும் விசாரிக்கிறார்கள். மெயின்ஸ் போன பிறகு அதன் அவுட்புட் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எந்த இடத்தில் எர்த்தோடு சேர்ந்திருக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் பழுது வந்தால் எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) விழுமா, ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் அணையும் சுவிட்ச்) வேலை செய்யுமா, சர்வர் ரேக்கைத் தொட்டால் ஷாக் அடிக்குமா என்பதெல்லாம் இந்த ஒரு இணைப்பைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

வழிகளை ஒப்பிட எனக்கு ஒரே அளவுகோல் போதும். யூ.பி.எஸ். இருக்கக்கூடிய நிலைகள் நான்கு: மெயின்ஸில் ஓடுவது, பேட்டரியில் ஓடுவது, ஸ்டாட்டிக் பைபாஸ் (யூ.பி.எஸ். தானாகவே மெயின்ஸை நேராகக் கருவிகளுக்கு விடுவது), மெயின்டனன்ஸ் பைபாஸ் (பராமரிப்புக்காக அதையே கையால் மாற்றுவது). ஒவ்வொரு நிலையிலும் லோடின் (மின்சாரம் எடுக்கும் கருவிகளின்) பக்கத்திலிருந்து பார்த்து, நியூட்ரலும் எர்த்தும் எத்தனை இடத்தில் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். நான்கிலும் விடை ஒன்று என்று வர வேண்டும். பூஜ்யமும் கூடாது, இரண்டும் கூடாது. வேண்டுமென்றே பூஜ்யமாக வைக்கும் ஒரு முறை உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் பூஜ்யம் ஏன் கூடாது என்று பார்க்கலாம். ஒரு கருவிக்குள் பேஸ் வயர் உரசிப் பாடியைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். நியூட்ரல்-எர்த் இணைப்பு சரியாக இருந்தால், பேஸிலிருந்து பாடி, எர்த் வயர், அந்த இணைப்பு, நியூட்ரல் என்று முழுக்க உலோகத்தாலான ஒரு சுற்று கிடைக்கிறது. அதன் மொத்தத் தடை அரை ஓம் என்றால் 230 வோல்ட்டில் 460 ஆம்பியர் ஓடும். சி வகை 32 ஆம்பியர் எம்.சி.பி.யின் காந்தப் பகுதி (உடனே அணைக்கும் பகுதி) 160-க்கும் 320 ஆம்பியருக்கும் இடையில் எங்காவது விழும் என்பதால், அது உடனே விழுந்துவிடும். இணைப்பே இல்லையென்றால் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை, எம்.சி.பி.க்கு எதுவும் தெரியாது. மோசமான பகுதி அதற்கு அப்புறம்தான். பேஸ் இப்போது எர்த்தோடு ஒட்டிக்கொண்டதால், நியூட்ரல் வயர் எர்த்தைப் பார்க்க 230 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. வேலை செய்ய வருபவர் சிங்கிள்-போல் (பேஸை மட்டும் துண்டிக்கும்) எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, நியூட்ரல்தானே என்று அதைத் தொடுவார்.

இரண்டு இணைப்புகள் இருந்தால் சிக்கல் வேறு விதம். நியூட்ரலில் போக வேண்டிய கரண்ட் எர்த் வயரையும் பங்குக்குச் சேர்த்துக்கொள்கிறது. இரண்டு வயரும் ஒரே தடிமன், ஒரே நீளம் என்றால் 40 ஆம்பியரில் ஏறத்தாழ 20 ஆம்பியர் எர்த்தில் ஓடும். கேபிள் டிரே, ரேக் சட்டம், டேட்டா கேபிளின் ஷீல்டு என்று எர்த்தோடு தொடர்புள்ள எல்லாவற்றிலும் அது கிளை பிரியும். நியூட்ரல் வயர் ஒருநாள் கழன்றால்கூட முழு கரண்டும் எர்த் வழியாகவே திரும்பி, எல்லாம் நன்றாக ஓடுவது போலவே இருக்கும். பிறகு அந்த எர்த்தும் கழன்றால் கருவிகளின் பாடிகள் எல்லாம் மின்னழுத்தம் ஏறி நிற்கும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, நியூட்ரலை அப்படியே கடத்துவது. இன்புட் நியூட்ரலும் அவுட்புட் நியூட்ரலும் யூ.பி.எஸ்.ஸுக்குள் ஒரே செப்புப் பட்டையில் சேர்ந்திருக்கும். நியூட்ரல்-எர்த் இணைப்பு கட்டடத்தின் மெயின் போர்டிலோ வெளியே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலோ மட்டும் இருக்கும். யூ.பி.எஸ். பக்கத்தில் புதிதாக எதுவும் போடுவதில்லை, போடவும் கூடாது. பெரும்பாலான யூ.பி.எஸ்.கள் இப்படித்தான் வருகின்றன. மெயின்ஸ், பேட்டரி, இரண்டு பைபாஸ் என்று எல்லா நிலைகளிலும் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். கூடுதல் எடை, இடம், வெப்பம் எதுவும் கிடையாது. ஒரே கட்டடம், ஒரே மின்வரவு, நடுவில் நியூட்ரலைத் துண்டிக்கும் சுவிட்ச் எதுவும் இல்லை என்றால் இதைவிட நல்ல வழி இல்லை என்பதே என் கருத்து.

அந்த "எதுவும் இல்லை என்றால்" என்பதில்தான் பல நிறுவல்கள் தடுக்கி விழுகின்றன. யூ.பி.எஸ்.ஸுக்கு முன்னால் நான்கு-போல் (மூன்று பேஸோடு நியூட்ரலையும் துண்டிக்கும்) பிரேக்கரோ, ஒற்றை பேஸ் என்றால் இரண்டு-போல் எம்.சி.பி.யோ இருந்து, அதை அணைத்தால் நியூட்ரலும் சேர்ந்து துண்டிக்கப்படும். யூ.பி.எஸ். பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அவுட்புட்டுக்கு இப்போது இணைப்பு பூஜ்யம். ஜெனரேட்டருக்கு மாற்றும் நான்கு-போல் சேஞ்ச்ஓவர் இருந்தால், மின்சாரம் போய் ஜெனரேட்டர் லோடு எடுக்கும் ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் இதேதான் நடக்கிறது. இந்த நிலையில் மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால் நூற்றுச்சொச்சம் வோல்ட் காட்டும். கருவிகளின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் சம அளவில் எர்த்தைப் பிடித்திருப்பதால், எர்த் நடுவில் போய் நிற்கிறது. 230-இல் பாதி, 115 வாக்கில். பேட்டரியில் ஓடும்போது இந்த எண்ணைப் பார்த்தால், இணைப்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று பேஸ் யூ.பி.எஸ்.ஸில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. மேலே, அதாவது மின்வரவின் பக்கம், எங்கோ நியூட்ரல் லூஸாகியிருந்தாலும், இன்வெர்ட்டர் தன் அவுட்புட் நியூட்ரலைத் தானே பிடித்து வைத்திருக்கும் வகையாக இருந்தால், லோடுக்கு 230 வோல்ட் ஒழுங்காகவே போகும். ஒருநாள் யூ.பி.எஸ். பைபாஸுக்கு மாறும். அந்த நொடியில் லோடுகள் நேராக உடைந்த நியூட்ரலைச் சந்திக்கின்றன. லேசான லோடு உள்ள பேஸில் மின்னழுத்தம் 230-ஐத் தாண்டி 400-ஐ நோக்கி எழும்பும். கம்ப்யூட்டர் மாதிரி ரெக்டிஃபையர் லோடுகளின் மூன்றாம் ஹார்மோனிக் (மின்வரவின் அதிர்வெண்ணைப்போல் மூன்று மடங்கில் ஓடும் கரண்ட்) மூன்று பேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றாகக் கூடுகிறது. மோசமான நிலையில் நியூட்ரல் கரண்ட் பேஸ் கரண்டைப்போல் 1.73 மடங்கு வரை போகும். ஆகவே முதல் வழியைத் தேர்ந்தால் நியூட்ரலை பேஸைவிட மெல்லியதாகப் போடாதீர்கள். அதன் டெர்மினல் திருகுகளை முறுக்கிப் பார்ப்பதைப் பராமரிப்பில் கட்டாயமாக்குங்கள்.

பிளக் மாட்டும் சின்ன யூ.பி.எஸ்.ஸும் இதே குடும்பம்தான். பேட்டரி வேலை செய்கிறதா என்று பார்க்கப் பலரும் பிளக்கைப் பிடுங்குகிறார்கள். அப்போது நியூட்ரல் மட்டும் போவதில்லை, எர்த் வயரும் சேர்ந்தே போய்விடுகிறது. அதன் கீழுள்ள கருவிகளின் பாடிகள் தங்களுக்குள் இணைந்திருக்கும், ஆனால் கட்டட எர்த்தோடு தொடர்பு இருக்காது. ஷீல்டு உள்ள டேட்டா கேபிள் ஒன்று வேறொரு கருவிக்குப் போனால், அந்த மெல்லிய ஷீல்டே எர்த் வயராகிவிடும். சோதிக்க வேண்டுமென்றால் சாக்கெட்டின் சுவிட்சை அணையுங்கள், பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

இரண்டாவது வழி, ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (இரு பக்கமும் வயரால் தொடாமல் காந்தப்புலத்தால் மட்டும் மின்சாரத்தைக் கடத்துவது) வைத்து அதன் செகண்டரியில் (அவுட்புட் பக்கத்தில்) புதிதாக ஒரு நியூட்ரல்-எர்த் இணைப்பு போடுவது. இதில் மேலே இருந்து வரும் நியூட்ரலுக்கு வேலையே இல்லை. டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மராக (இன்புட் சுருள்களை முக்கோணமாகவும் அவுட்புட் சுருள்களை ஒரு மையப் புள்ளியிலும் சேர்த்தது) இருந்தால் பிரைமரிக்கு (இன்புட் பக்கத்துக்கு) மூன்று பேஸும் எர்த்தும் போதும், நியூட்ரல் செகண்டரியின் ஸ்டார் புள்ளியில் புதிதாகப் பிறக்கிறது. மூன்றாம் ஹார்மோனிக்கும் டெல்டாவுக்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும், மேலே உள்ள நியூட்ரலைப் போய்த் தொடாது.

இங்கே பரவலாக உள்ள ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "எங்கள் யூ.பி.எஸ். டிரான்ஸ்ஃபார்மர் வகை, அதனால் ஐசோலேஷன் உள்ளேயே இருக்கிறது" என்பார்கள். அந்த டிரான்ஸ்ஃபார்மர் இன்வெர்ட்டரின் வாயில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டாட்டிக் பைபாஸின் நியூட்ரல் அதைச் சுற்றிக்கொண்டு நேராக அவுட்புட் நியூட்ரலில் வந்து சேர்கிறது. பேட்டரிக்கும் லோடுக்கும் நடுவே பிரிப்பு உண்டு, மெயின்ஸ் நியூட்ரலுக்கும் லோடு நியூட்ரலுக்கும் நடுவே இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வகை என்ற ஒரே காரணத்துக்காக அவுட்புட்டில் எர்த் லிங்க் (நியூட்ரல்-எர்த் இணைப்பு) போட்டால், இணைப்பு இரண்டாகிவிடும். மேலே ஆர்.சி.சி.பி. இருந்தால் அது விழும். இல்லையென்றால் யாருக்கும் தெரியாமல் எர்த்தில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். லோடுக்குப் போகும் எல்லாப் பாதைகளும், பைபாஸ் உட்பட, ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டித்தான் போகின்றன என்றால் மட்டுமே புதிய இணைப்பு போடலாம்.

டிரான்ஸ்ஃபார்மரை எங்கே வைப்பது என்பதிலும் வித்தியாசம் உண்டு. யூ.பி.எஸ்.ஸுக்கு முன்னால் வைத்தால் அதற்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் நடுவே நான்கு-போல் சுவிட்ச் எதுவும் வரக் கூடாது, வந்தால் முதல் வழியின் சிக்கல் அப்படியே திரும்பிவிடும். யூ.பி.எஸ்.ஸுக்குப் பின்னால், லோடுக்குப் பக்கத்தில் உள்ள டிஸ்ட்ரிபியூஷன் பேனலில் வைப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இணைப்பும் லோடும் பக்கத்தில் இருப்பதால் பழுதுச் சுற்றின் நீளம் குறைகிறது. மேலே எந்த நியூட்ரலை யார் துண்டித்தாலும் லோடுக்குக் கவலையில்லை. இரண்டு யூ.பி.எஸ்.கள், நடுவில் ஸ்டாட்டிக் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் (ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு லோடைச் சட்டென்று மாற்றுவது) என்ற அமைப்பில், அந்த சுவிட்சை டிரான்ஸ்ஃபார்மரின் டெல்டா பக்கம் வைத்துவிட்டால் எந்த நியூட்ரலை எப்போது மாற்றுவது என்ற தலைவலி முழுக்கப் போய்விடும்.

பலர் டிரான்ஸ்ஃபார்மர் கேட்பது வேறு காரணத்துக்காக: நியூட்ரல்-எர்த் வோல்டேஜைக் குறைக்க. அந்த வோல்டேஜ் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 10 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் மீட்டருக்கு 1.83 மில்லிஓம். மெயின் போர்டிலிருந்து 60 மீட்டர் என்றால் 0.11 ஓம். அதில் 40 ஆம்பியர் போனால் 4.4 வோல்ட். எர்த் வயரில் கரண்ட் இல்லாததால் அந்த 4.4 வோல்ட்டும் லோடு முனையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அப்படியே தெரியும். இது நோய் அல்ல, சரியான வயரிங்கின் சாதாரண அடையாளம். தடிமனான நியூட்ரல் போட்டாலே பாதிக்கு மேல் குறையும். கருவி தயாரிப்பாளர் கையேட்டில் ஒரு வரம்பு கொடுத்திருந்து, தூரமும் அதிகம் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் நியாயமான செலவு. ஆனால் அந்த எண்ணைக் குறைப்பதற்காக சாக்கெட்டிலோ யூ.பி.எஸ். டெர்மினலிலோ நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு ஜம்பரால் (துண்டு வயரால்) சேர்ப்பதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மீட்டர் பூஜ்யம் காட்டும், எர்த்தில் ஆம்பியர் கணக்கில் கரண்ட் ஓடும். லோடு ஓடும்போது தொலைதூர சாக்கெட்டில் கச்சிதமாக 0.0 வோல்ட் தெரிந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பக்கத்தில் எங்கோ ஒரு ஜம்பர் இருக்கலாம்.

இந்த வழிக்குக் கொடுக்க வேண்டியதும் கொஞ்சமில்லை. 98 சதவீதத் திறன் என்றால் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் முழு லோடில் ஏறத்தாழ 2 கிலோவாட் வெப்பத்தை இரவும் பகலும் உமிழும். அதற்கு ஏ.சி. வேண்டும். எடையைத் தரை தாங்க வேண்டும். முதன்முறை ஆன் செய்யும்போது இன்ரஷ் கரண்ட் அதன் அளவைப்போல் பத்து மடங்கு வரை இழுக்கும் என்பதால், பின்னால் வைத்தால் யூ.பி.எஸ். அதைத் தாங்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது வழி, ரிலே. பேட்டரிக்கு மாறும்போது மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து, மெயின்ஸ் வந்ததும் பிரித்துவிடும் ஒரு தொடுப்பு. சோலார் ஹைப்ரிட் இன்வெர்ட்டர்களிலும் வண்டிகளில் வைக்கும் இன்வெர்ட்டர்களிலும் இது மெனுவில் ஒரு செட்டிங்காகவே கிடைக்கும். எண்ணிக்கையை மென்பொருளும் ஒரு ரிலேயும் சேர்ந்து ஒன்றாகக் காப்பாற்றுகின்றன என்பதுதான் இதன் பலம், பலவீனமும் அதுவே. பேட்டரிக்குப் போகும்போது இன்வெர்ட்டர் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டித்தால்தான் இந்த ரிலேக்கு இடமுண்டு. பேஸை மட்டும் துண்டித்து நியூட்ரலை விட்டுவைக்கும் வகையில் ரிலே மூடினால் இணைப்பு இரண்டு. தொடுப்பு ஒட்டிக்கொண்டு பிரியாமல் போனால் மெயின்ஸ் வந்ததும் மேலேயுள்ள ஆர்.சி.சி.பி. விழுந்து காட்டிக்கொடுக்கும். மூடாமல் போனால்? எல்லாம் வழக்கம்போல் ஓடும், பாதுகாப்பு மட்டும் இருக்காது, எந்த அறிகுறியும் தெரியாது. ரிலே வழியை எடுப்பவர்கள் பேட்டரி நிலையில் அவ்வப்போது அளந்து பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். இரண்டு மூன்று இன்வெர்ட்டர்களை இணையாகப் போட்டிருந்தால் எதன் ரிலே வேலை செய்ய வேண்டும் என்று கையேட்டைப் பார்த்துத்தான் செட் செய்ய வேண்டும், எல்லாவற்றையும் ஆன் செய்துவிடக் கூடாது.

நான்காவது வழிதான் வேண்டுமென்றே பூஜ்யமாக வைப்பது. ஐ.டி. (IT) முறை என்பார்கள்; கணினித் துறைக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. முதல் பழுது வந்தாலும் மின்சாரம் நிற்காது. அறுவைச் சிகிச்சை நடக்கும்போது ஒரு கருவியின் பழுதால் மற்றவை நின்றுவிடக் கூடாது என்ற இடங்களுக்கு இதுவே சரி. மருத்துவ இடங்களுக்கான சர்வதேச மின் தரநிலை ஐ.இ.சி. 60364-7-710 இந்த முறைக்கு 0.5 முதல் 10 கே.வி.ஏ. வரையிலான தனி டிரான்ஸ்ஃபார்மரையும், காப்புத்தடை (வயருக்கும் எர்த்துக்கும் இடையேயான தடை) 50 கிலோஓமுக்கு இறங்குவதற்குள் எச்சரிக்கும் இன்சுலேஷன் மானிட்டரையும் கேட்கிறது. மானிட்டரும், அலாரம் அடித்தால் வந்து பார்க்க ஆளும் இருந்தால்தான் இது ஐ.டி. முறை. அவை இல்லாமல் மிதக்க விட்டால் அது வெறும் விடுபட்ட இணைப்பு. முதல் பழுது தெரியாமலே கிடக்கும், இரண்டாவது பழுது வேறொரு வயரில் வரும் நாளில் இரண்டும் சேர்ந்து ஷார்ட் ஆகும். நியூட்ரலைப் பெரிய ரெசிஸ்டர் வழியாக எர்த் செய்து பழுது கரண்டைச் சில ஆம்பியருக்குள் அடக்கும் முறையும் உண்டு. அது நியூட்ரலே பயன்படாத மூன்று-வயர் லோடுகளுக்கானது.

இந்த நான்கில் சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐந்தாவது வழி என்று அதைத்தான் நிறையப் பேர் தேர்ந்தெடுக்கிறார்கள். யூ.பி.எஸ்.ஸுக்கென்று தனியாக எர்த் குழி தோண்டி, கட்டட எர்த்தோடு சேர்க்காமல் "சுத்தமான எர்த்" என்று வைப்பது. இந்தக் குழி 5 ஓம், மின்வரவின் பக்கத்துக் குழி 5 ஓம் என்று வைத்தால் பழுது கரண்ட் 230-ஐ 10-ஆல் வகுத்து 23 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி. காலத்துக்கும் விழாது, ரேக்கின் பாடி 115 வோல்ட்டில் நிற்கும். இடி இறங்கும்போது இரண்டு எர்த்துகளுக்கு இடையே எழும் மின்னழுத்தம் முழுக்க டேட்டா போர்ட்டுகளின் தலையில் விழும். மண் பழுது கரண்டைத் திருப்பிக் கொண்டுவரும் வயர் அல்ல. குழி வேண்டுமானால் தோண்டுங்கள், ஆனால் கட்டடத்தின் மெயின் எர்த் பட்டையோடு தடிமனான செம்பில் சேர்த்துவிடுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் பேட்டரி நிலையில் ஒரு வரம்பு இருக்கிறது. முதலில் பார்த்த பழுதில் மெயின்ஸ் 460 ஆம்பியர் கொடுக்கும், இன்வெர்ட்டர் கொடுக்காது. 10 கே.வி.ஏ. ஒற்றை பேஸ் யூ.பி.எஸ்.ஸின் அளவு 43 ஆம்பியர். பழுதில் இரண்டு மடங்கு கொடுத்தாலும் 87 தான். சி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழ 160 ஆம்பியர் வரை தேவைப்படலாம், அதனால் நம்ப முடியாது. பி வகை (குறைந்த கரண்டிலேயே உடனே விழும் வகை) 16 என்றால் 80 போதும். யூ.பி.எஸ். அவுட்புட் பேனலில் பி வகையும் சின்ன அளவுகளும் போட்டு, கூடவே அவுட்புட் பக்கத்திலேயே 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைப்பது நல்லது. யூ.பி.எஸ்.ஸுக்கு மேலேயுள்ள ஆர்.சி.சி.பி. பேட்டரி நிலையில் எதையும் காப்பாற்றாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுந்தால் நியூட்ரல்-எர்த் இணைப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தப் பட்டன் கரண்டை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையேதான் விடுகிறது, எர்த்தைத் தொடுவதே இல்லை.

இனி யாருக்கு எது என்று சொல்கிறேன். மேசைக்கடியில் வைக்கும் சின்ன யூ.பி.எஸ்.ஸுக்கு முதல் வழி, எர்த் உள்ள நல்ல சாக்கெட்டோடு. ஒரே மின்வரவுள்ள அலுவலகத்துக்கும் முதல் வழிதான், இன்புட்டில் மூன்று-போல் பிரேக்கருடன், உள்ளூர் விதி அதை அனுமதித்தால். ஜெனரேட்டரும் நான்கு-போல் சேஞ்ச்ஓவரும் ஏற்கெனவே இருக்கின்றன என்றால் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். பல மாடிகள் தாண்டி லோடு இருந்தாலும், இரண்டு மூலங்களிலிருந்து மாறி மாறி ஊட்டினாலும் அப்படியே. செலவைப் பார்த்துத் தயங்குபவர்களுக்கு: சேஞ்ச்ஓவரை மூன்று-போலாக மாற்றி, ஜெனரேட்டரின் சொந்த எர்த் லிங்கைக் கழற்றி, இரண்டு நியூட்ரலையும் நிரந்தரமாகச் சேர்த்து வைப்பது மலிவான மாற்று. ஆனால் முழு அமைப்பையும் தெரிந்த ஒருவர் வரைபடத்தில் எண்ணிப் பார்த்த பிறகே செய்ய வேண்டும். சோலார் ஹைப்ரிட் வைத்திருக்கும் வீட்டுக்கு ரிலே வழி. அறுவை அரங்குக்கு ஐ.டி.

நிறுவிய பிறகு சரிபார்க்க ஒரு கிளாம்ப் மீட்டரும் மல்டிமீட்டரும் போதும், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் கையில். யூ.பி.எஸ்.ஸில் நிஜமான லோடு ஓடட்டும். நியூட்ரல்-எர்த் லிங்க் வயரைக் கிளாம்பில் பிடியுங்கள். கருவிகளின் லீக்கேஜ் மட்டும், அதாவது மில்லிஆம்பியர் அளவில் தெரிந்தால் சரி. ஆம்பியர் கணக்கில் ஓடினால் இரண்டாவது இணைப்பு எங்கோ இருக்கிறது. அப்புறம் லோடு முனையில் நியூட்ரல்-எர்த் வோல்டேஜை நான்கு நிலைகளிலும் தனித்தனியாக எடுங்கள். பேட்டரி நிலைக்கு இன்புட் பிரேக்கரை அணைத்தே எடுக்க வேண்டும், அப்போதுதான் நியூட்ரல் துண்டிக்கப்படுகிறதா என்று தெரியும். சில வோல்ட் என்றால் நிம்மதி. நூற்றுச்சொச்சம் என்றால் லோடை இறக்கிவிட்டு, விடுபட்ட இணைப்பைத் தேடுங்கள். நான்கு எண்களையும் தேதியோடு பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்து யாராவது ஒரு சுவிட்சையோ ஜெனரேட்டரையோ சேர்க்கும்போது, ஒப்பிட அந்தத் தாள்தான் இருக்கும்.